நீராவிப் பொறி விழாக்களும் நம் கிணற்றடி எஞ்சினும்

சென்ற சில ஆண்டுகளில் இருமுறை கோடைக்காலத்தை இங்கிலாந்தில் என் மகள் இல்லத்திற் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. திரும்பி வந்தபின் நம் கல்லூரிப் பழைய மாணவர் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். நண்பர் பலர் சூழ்ந்துகொண்டு, அங்கு என்ன கண்டீர் என்று வினவினர். இலண்டன் மாநகரத்து அரும்பொருட்சாலையைப் பற்றியும், ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளின் பசும்புல் முற்றங்களைப் பற்றியும் கேட்கலாமென்று அவர்கள் எதிர்பார்த்தனர் போலும். நானோ வயல்வெளியொன்றிற் புகை சூழ நின்ற பழைய நீராவி எஞ்சின்களைப் பற்றியே ஓயாமற் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நண்பர் நகைத்து, “நம்மூரில் எடைக்குப் போடும் இரும்பைக் காண்பதற்கோ கடல் கடந்து போனீர்?” என்றார். எல்லோரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். எனினும் அவ்வினா என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அன்று சொல்லத் தெரியாத விடையை இங்கு எழுத முற்படுகிறேன். இப்பொழுது எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

ஆங்கில நாட்டிலே மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் முடிய, ஏறக்குறைய ஒவ்வொரு வாரக்கடைசியிலும், எங்கேனும் ஓர் ஊரில் இத்தகைய விழா நடைபெறுகிறது. நார்போக்கில் வீட்டிங், யார்க்ஷயரில் மாஷம், பிக்கரிங், ஊஸ்டர்ஷயரில் வெல்லண்டு என்று பெயர்பெற்ற இடங்கள் பல. இவையன்றிச் சிற்றூரார் தம் அளவிற் கூட்டும் விழாக்களும் உண்டு. நான் முதன்முதற் கண்டது அத்தகைய சிறு விழாவொன்றே. வைக்கோல் அறுத்தெடுத்த நிலமொன்றில் கயிறு கட்டி வட்டம் வகுத்திருந்தனர். அதனைச் சூழ, தண்டவாளமின்றிச் சாலையிலும் வயலிலும் தானே ஓடும் நீராவி எஞ்சின்கள், சாலையை அழுத்தும் உருளைகள், பழைய மோட்டார் வண்டிகள், லாரிகள், டிராக்டர்கள், மோட்டார் சைக்கிள்கள், கிணற்றிலும் களத்திலும் உழைத்த எண்ணெய் எஞ்சின்கள் ஆகிய யாவும் வரிசை வரிசையாக நின்றன. நம் நாட்டில் மாட்டுச் சந்தையில் உடையவர் தத்தம் மாட்டின் பக்கத்தில் நிற்பது போல, ஒவ்வோர் எஞ்சினின் பக்கத்திலும் அதற்குரியார் கையில் எண்ணெய்த் துணியுடன் நின்றனர். கேட்போர்க்கு விடை சொல்வதில் அவர்களுக்கு அலுப்பேயில்லை, கேளாதவர்க்கும் சொல்வர்.

இவ்விழாவைக் காணச் செல்வோர் பெரும்பாலும் நடுப்பகலிற் செல்கின்றனர். அது தவறு. காலை ஆறு மணிக்குச் செல்லவேண்டும். பனி நீங்காத புல்லின்மேல் எஞ்சின்கள் குளிர்ந்து கிடக்கும். மெழுகுத் துணிப் போர்வையை நீக்கி, முதல்நாட் சாம்பலை வாரி, புகைக்குழல்களை நீண்ட தூரிகையால் துடைத்து, கொதிகலத்தில் தண்ணீர் போதிய அளவு உள்ளதா என்று நோக்கிய பின்னரே நெருப்பு மூட்டுவர். முதலில் எண்ணெயில் நனைத்த கந்தையும் விறகும். அவை நன்கு பற்றிய பின் சிறிது சிறிதாக நிலக்கரி. இரும்பு மெல்ல மெல்லச் சூடேற வேண்டும். அவசரப்பட்டுப் பெருந்தீ மூட்டினால் தகடுகளும் ஆணிகளும் ஒன்றோடொன்று இழுபட்டுக் கசியத் தொடங்கும். இரண்டு அல்லது மூன்று மணி நேரம் ஒன்றுமே நிகழாதது போலத் தோன்றும். அப்பொழுதில் எண்ணெய்க் கிண்ணங்களை நிரப்புவதும், பித்தளையைத் துலக்குவதும், தேநீர் பருகுவதுமே வேலை. பின்பு அழுத்தங் காட்டும் முள் தன் இருப்பிடத்தை விட்டுச் சற்றே அசையும். அங்கு நின்ற முதியவர் ஒருவர் அம்முள்ளைக் காட்டி, தம் பேர்த்தியைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். நாற்பது ஆண்டாக அவர் நாள்தோறும் கண்ட காட்சியாயிருக்கலாம். ஆயினும் அப்புன்னகை புதியதாகவே இருந்தது.

அப்பெண்ணுக்கு வயது பதினைந்து அல்லது பதினாறு இருக்கும். முகமெல்லாம் கரி. கரிவாரியை அவள் பிடித்த முறையே வேறு. நாம் மண்வெட்டியைப் பிடிப்பது போல அன்று; நெருப்பறையின் சிறுவாயில் வழியே உள்ளே செலுத்தி, மணிக்கட்டைத் திருப்பி, கரியை வேண்டிய மூலையில் மெல்லப் பரப்பினாள். “ஒரேயடியாகக் கொட்டினால் புகைதான் வரும், நீராவி வராது” என்று எனக்கு விளக்கினாள். சதுர அங்குலத்திற்கு 150 இராத்தல் அழுத்தம் ஏறியதும், பாட்டனார் திறவுகோலைச் சற்றே திருப்பினார். உருளையிற் குளிர்ந்து தங்கிய நீரெல்லாம் சீறி வெளிப்பட, பெருஞ் சுழல்சக்கரம் ஓசையின்றிச் சுற்றத் தொடங்கிற்று. ஓசையின்றி என்பதை வற்புறுத்தியே சொல்கிறேன். பத்து டன் எடையுள்ள இரும்பு இத்துணை மென்மையாக அசையுமென்று நான் எண்ணியதேயில்லை.

இப்பொறிகளின் வரலாற்றைச் சிறிது கூறவேண்டும். நீராவி எஞ்சின் வயலுக்கு வந்த காலத்தில் அது தானாக நடக்கும் ஆற்றலற்றதாக இருந்தது. ஒரு பண்ணையினின்று மற்றொரு பண்ணைக்குக் குதிரைகளே அதனை இழுத்துச் சென்றன. கெண்ட் மாகாணத்து உழவரும் பொறிவல்லவருமான தாமஸ் ஏவ்லிங், நீராவிக் கப்பலொன்றைப் பாய்மரக் கப்பல்கள் ஆறு கட்டியிழுப்பதற்கு ஒப்பான நகைப்புக்குரிய காட்சியாக இதனைக் கண்டார். 1859-இல் அவ்வெஞ்சினின் சுழல்தண்டைச் சங்கிலியாற் சக்கரத்தோடு இணைத்து, அதனைத் தானே நடக்கச் செய்தார். ஜான் பௌலர் என்பாரோ அயர்லாந்தின் பஞ்சத்தைக் கண்டு மனம் வருந்தி, நீர் தேங்கிய நிலங்களை வடித்துச் சாகுபடிக்குக் கொணரும் வழியை ஆராய்ந்தவர். வயலின் இருபுறத்தும் எஞ்சினை நிறுத்தி, எஃகுக் கம்பிக் கயிற்றால் கலப்பையை இங்குமங்கும் இழுக்கும் முறை அவரது முயற்சியால் நாட்டிற் பரவிற்று. 1858-இல் அரச வேளாண் சங்கத்தார் நீராவி உழவுக்கென ஏற்படுத்திய 500 பவுன் பரிசு அவருக்குக் கிடைத்தது. 38 வயதிலேயே, 1864-இல், அவர் இறந்தார். இவ்வுழவை விழாவில் இன்றும் செய்து காட்டுகின்றனர். ஏறத்தாழ 20 டன் எடையுள்ள எஞ்சின்கள் இரண்டு, வயலின் இரு வரப்பிலும், ஒன்றையொன்று நோக்கி நிற்கும். ஒன்று ஊதல் ஒலிக்கும். மற்றொன்று விடை ஒலிக்கும். நடுவே கயிறு விறைத்து, கலப்பை மண்ணைக் கிழித்துக்கொண்டு விரையும். உழுவோர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, அவ்வூதலொன்றையே மொழியாகக்கொண்டு நாள் முழுதும் வேலை செய்வர்.

அக்காலத்துச் சட்டமும் விந்தையானது. 1865-இன் சட்டப்படி, சாலையிற் செல்லும் நீராவி வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்தில் 2 மைல் வேகத்திற்கு மேற் செல்லலாகாது. அதற்கு 60 கஜம் முன்னே ஒருவன் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும். பின்னர் இவ்விதி தளர்ந்தது. 1896-இல் இலேசான மோட்டார் வண்டிகளுக்கு விடுதலை கிடைத்ததைக் கொண்டாட, இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வண்டிகள் ஓட்டிச் சென்றனர். 1905-க்கு முன் செய்த வண்டிகள் அதன் நினைவாக ஆண்டுதோறும் நவம்பரில் இன்றும் அவ்வழியே செல்கின்றன. நிற்க. எண்ணெய் எஞ்சினும் டிராக்டரும் பெருகவே, நீராவிக்கு வேலை குறைந்தது. 1930-களில் வண்டியின் எடைக்கேற்ப விதித்த வரி நீராவி லாரிகளை வீழ்த்தியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஏறக்குறைய எல்லாம் உடைத்து எடைக்கு விற்கப்பட்டன. என் நண்பர் சொன்ன அதே கதிதான்.

அக்கதியைத் தடுத்தது பெருஞ்சபையோ அரசாங்கமோ அன்று; விளையாட்டாய் எழுந்த ஒரு பந்தயம். 1950-ஆம் ஆண்டுக் கோடையில் ஆப்பிள்போர்டு என்னும் சிற்றூரில், ஆர்தர் நேப்பர் என்னும் உழவர் தம்முடைய 1902-ஆம் ஆண்டு மார்ஷல் எஞ்சினை, நண்பர் ஒருவருடைய ஏவ்லிங் எஞ்சினுக்கு எதிரே ஓட்டினார். பந்தயப் பொருள் ஒரு சிறு பீப்பாய் மது. நேப்பர் வென்றார். மறு ஆண்டுகளில் அதனைக் காணக் கூட்டம் பெருகியது; 1954-இல் நாடளாவிய எஞ்சின் சங்கம் ஒன்று தோன்றியது; சில ஆண்டுகளில் ஊர்தோறும் விழாக்கள் எழுந்தன. பழைய இரும்புக் கிடங்கிலும் வேலியோரத்துப் புதரிலும் கிடந்தவற்றை மக்கள் தேடித் தேடி வாங்கினர். போல்டன் நகரத்தாராகிய பிரெட் டிப்னா (1938–2004) உயர்ந்த புகைபோக்கிகளைப் பழுது பார்க்கும் தொழிலாளர். தம் வீட்டின் பின்புறத்திலே எஞ்சின் ஒன்றை இருபதாண்டுகளுக்கு மேலாகச் சிறிது சிறிதாகச் செப்பனிட்டு ஓடச் செய்தார். தொலைக்காட்சி வாயிலாக நாடே அவரை அறிந்தது. செல்வர் பொழுதுபோக்கு என்று இவ்விழாக்களைத் தள்ளுவோர் இதனைக் கருத வேண்டும். தொடக்கத்தில் இவற்றைக் காத்தவர் பெரும்பாலும் உழவரும் பட்டறைக்காரருமே.

இனி, என்னைச் சிந்திக்க வைத்த காட்சிக்கு வருகிறேன். விழாத் திடலின் ஒரு கோடியில், பெரிய எஞ்சின்களைக் காணும் கூட்டம் எட்டிப் பாராத இடத்தில், சிறிய எண்ணெய் எஞ்சின்கள் ஐம்பதுக்கு மேல் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று வைக்கோல் நறுக்கிற்று. ஒன்று சிறு மின்விளக்கை எரித்தது. பெரும்பாலானவை செய்த வேலை வேறு. எஞ்சினோடு ஒரு சிறு பம்பு இணைந்திருந்தது. பம்பின் அடியில் ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரைப் பம்பு அதே தொட்டியிற் கொட்டியது. காலை முதல் மாலை வரையில் அவ்வளவே. உடையவர் அருகில் நாற்காலியிட்டு அமர்ந்து, செய்தித்தாள் படித்துக்கொண்டும், இடையிடையே செவி சாய்த்து ஓசையைக் கேட்டுக்கொண்டும் இருந்தார்.

அவற்றுள் ஒன்றை நோக்கியதும் என் கால்கள் நின்றுவிட்டன. பச்சை வண்ணம், பக்கத்துக்கொன்றாக இரு பெருஞ் சக்கரங்கள், பெயர்த்தகட்டில் லிங்கன் என்னும் ஊர்ப்பெயர். அதன் உடன்பிறப்பை நான் அறிவேன். 1974-இல் நான் நம் கல்லூரி விடுதியில் மாணவனாய் இருந்தபொழுது, கிணற்றடிக் கொட்டகையில் அத்தகைய எஞ்சின் ஒன்று விடியற்காலை நான்கு மணிக்கு ஓடத் தொடங்கும். அதன் ஓசையே எங்கள் திருப்பள்ளியெழுச்சி. அதனை ஓட்டிய பெரியவரை மாணவர் யாவரும் எஞ்சின் தாத்தா என்றே அழைத்தோம். அவருக்குக் கையெழுத்து மட்டுமே தெரியும். ஆனால் கொட்டகைக்கு வெளியே நின்று, ஓசையை மட்டும் கேட்டு, எண்ணெய் செல்லும் வழியில் அழுக்கு அடைத்திருக்கிறதென்றும், வால்வு ஒன்று சரியாக மூடவில்லையென்றும் சொல்லிவிடுவார். இயற்பியல் பயின்ற எங்களுக்கு அது மாயமாகத் தோன்றிற்று. நம் கிணற்றில் நாலைந்நூறு பேர் குளிக்கவும் சமைக்கவும் தண்ணீர் இறைத்த பொறியின் இனம், இங்கே தொட்டித் தண்ணீரை அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தது. நண்பர் எள்ளி நகையாடியது சரிதானோ என்று ஒரு கணம் எண்ணினேன்.

உடையவரிடம் அதனைக் கேட்டும்விட்டேன். அவர் சினங்கொள்ளவில்லை. வேலை எதுவுமின்றி ஓடினால் எஞ்சின் கெடும், அதற்குச் சிறிதேனும் சுமை வேண்டும், ஆகவே தண்ணீர் என்றார். சற்றுப் பொறுத்து, தம் தகப்பனார் இதனை ஓட்டினாரென்றும், தாம் அவரிடம் கற்றதை மறவாதிருக்க இதனை ஓட்டி வருவதாகவும் கூறினார். இரண்டாவதாக அவர் சொன்னதே மெய்யான விடை என்று நான் கருதுகிறேன்.

பழையது கழிந்து புதியது புகுவது குற்றமன்று; நான் மறுக்கவில்லை. மின்சாரப் பம்பு வந்த நாளில் எஞ்சின் தாத்தாவே மகிழ்ந்தார். ஆனால் ஒரு பொறி கழியும்போது இரும்பு மட்டும் கழிவதில்லை. அதனை இயக்கிய கையின் அறிவும் உடன் கழிகிறது. இரும்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கலாம். கையின் அறிவை அவ்வாறு வைக்க இயலாது. அது ஒரு கையினின்று மற்றொரு கைக்கு, நெருப்பின் எதிரே நின்றுதான் செல்லும். எத்துணை விரிவாக எழுதிய நூலும் கரிவாரியைத் திருப்பும் மணிக்கட்டைக் கற்பிக்காது. நான் அரும்பொருட்சாலைகளை இகழ்பவன் அல்லேன். எனினும் அங்கு நிற்கும் எஞ்சின் பாடம்பண்ணி வைத்த புலி போன்றது. உருவம் உண்டு, அதனிடம் அஞ்சவேண்டிய காரணம் இல்லை.

அஞ்சவேண்டிய காரணம் என்றேன். அது வெறும் அலங்காரமன்று. கொதிகலத்தில் தண்ணீர் நெருப்பறையின் மேற்றகட்டை எப்பொழுதும் மூடியிருக்கவேண்டும். மூடாவிடின் தகடு பழுத்து வலுவிழந்து, உள்ளழுத்தத்தைத் தாங்காமற் கிழியும். இதனைத் தடுக்கவே நீர்மட்டங் காட்டும் கண்ணாடிக் குழாயும், தண்ணீர் குறைந்தால் உருகி நெருப்பை அணைக்கும் மெல்லுலோக அடைப்பும் வைத்துள்ளனர். அமெரிக்காவில் ஓஹையோ நாட்டு மெடினாவில், 2001-ஆம் ஆண்டு ஜூலை 29-இல், விழாத் திடலுக்குக் கொண்டுவந்த நீராவி எஞ்சின் ஒன்று வெடித்து ஐவர் உயிர் துறந்தனர், பலர் காயமுற்றனர். தண்ணீர் மட்டம் தாழ்ந்ததும், அக்கொதிகலம் பழுதுற்றிருந்ததும் ஆராய்ச்சியில் வெளிப்பட்டன. இத்தகைய செய்திகளைக் காட்டி, விழாக்களையே நிறுத்திவிடலாமே என்பார் உளர். நான் அதற்கு எதிர்மாறாகக் கருதுகிறேன். அறிவு குறைந்த இடத்தில்தான் கொதிகலம் கொல்கிறது. இங்கிலாந்தில் ஆண்டுதோறும் தக்க சோதகர் கொதிகலத்தை உள்ளும் புறமும் ஆராய்ந்து சான்று அளித்தாலன்றி அதனை விழாவிற்குக் கொண்டுவர இயலாது. அச்சான்றைக் காட்டினும் பெரிய காவல் அப்பெண்ணின் பழக்கம். என்னோடு பேசிக்கொண்டிருந்த அரைமணியில் அவள் கண்ணாடிக் குழாயைப் பத்துமுறையேனும் திரும்பிப் பார்த்தாள். பேச்சை நிறுத்தாமலே பார்த்தாள். அப்பழக்கத்தைச் சட்டம் உண்டாக்காது, பாட்டனார் உண்டாக்கினார்.

அடுத்த மறுப்பு நிலக்கரி பற்றியது. இது எளிதில் தள்ளத்தக்கதன்று. இங்கிலாந்தில் நிலக்கரியால் மின்சாரம் ஆக்கிய கடைசி நிலையம், ராட்கிளிப்பில், 2024 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. வேல்சு நாட்டில் மெர்தர் டிட்வில் அருகே இருந்த பெருஞ் சுரங்கம் 2023 நவம்பரில் நின்றது. உலகம் வெப்பமடைவதற்கு நிலக்கரியே முதற் காரணங்களுள் ஒன்று என்று யாவரும் அறிந்திருக்கும் காலத்தில், வேடிக்கைக்காக அதனை எரிப்பது தகுமோ? ஒலிவ விதை முதலியவற்றோடு கரித்தூளைக் கலந்து செய்த கட்டிகளைச் சிறு இருப்புப்பாதைகளிற் சோதித்து வருகின்றனர். அது நல்ல முயற்சியே. ஆயினும் நான் சொல்ல விரும்புவது வேறு. ஒரு சாலை எஞ்சின் ஒரு நாளைக்குச் சில அந்தர் நிலக்கரி தின்னும். ஓர் அந்தர் 112 இராத்தல். அதனை அப்பெண் வாளி வாளியாகத் தூக்கினாள். தண்ணீரும் அவ்வாறே. ஆற்றலுக்கு விலை என்ன என்பதை அவள் தோள்கள் அறியும். சுவரிலுள்ள பொத்தானை அழுத்தி அறையைக் குளிர்விக்கும் எனக்கு அது தெரியாது. எங்கோ ஓரிடத்தில் யாரோ எரிப்பது என் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிலக்கரியை விட்டொழிக்க வேண்டிய தலைமுறை, அது யாது என்பதை ஒருமுறையேனும் கையாற் கண்டிருப்பது நன்று. கோடையிற் சில நாள் எரியும் அந்நெருப்பை நான் அதன்பொருட்டுப் பொறுப்பேன். பொறுக்க மாட்டேன் என்பவரோடு எனக்குச் சண்டையில்லை.

இவ்விழாக்களில் எனக்கு உவப்பில்லாதனவும் உண்டு. பழங்காலம் இனிமையே வடிவானது என்பது போன்ற ஒரு பாவனை அங்கே மிகுதி. கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுற்றிச் சிலர் அக்காலத்து உடையும் தொப்பியும் அணிந்து புன்னகையுடன் நிற்கின்றனர். மெய்யான களத்தில் அத்தூசியைப் பகலெல்லாம் உண்டவன் புன்னகை செய்திருக்க மாட்டான். வார்ப்பட்டையில் அகப்பட்டுக் கையிழந்தோரைப் பற்றி அங்கு எவரும் சொல்வதில்லை. போர்க்கால வண்டிகளோடு பொய்த் துப்பாக்கி ஏந்தித் திரிவோரை நான் விலகியே சென்றேன். தின்பண்டக் கடைகளின் எண்ணெய் நாற்றம் எஞ்சினின் எண்ணெய் மணத்தை அடித்துவிடுகிறது. விலையோ சொல்லத் தரமன்று. ஆனால் இரவில், காட்சிக்காரர் எஞ்சின்கள் தம் மின்பொறியால் குடைராட்டினத்தைச் சுழற்றி, வண்ண விளக்குகளை எரிக்கும்பொழுது, என் கடுமை எல்லாம் கரைந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெட்போர்டு நகரத்துப் பர்ரல் தொழிற்சாலையார் செய்த அத்தகைய எஞ்சினின் முறுக்கிய பித்தளைத் தூண்களை நம் கோயிற் சப்பரத்தோடுதான் ஒப்பிடத் தோன்றும்.

இவ்விழாக்கள் என்றும் நிலைக்கும் என்று எண்ணுவதற்கும் இல்லை. யாவற்றுள்ளும் பெரியதாய் விளங்கிய டார்செட் நீராவி விழா 1969-இல் தொடங்கியது. 600 ஏக்கர் பரப்பில், ஏறத்தாழ 200 நீராவி எஞ்சின்கள் கூடும் அளவிற்கு வளர்ந்தது. 2022-க்குப் பின் செலவு தாங்காது 2023-இல் அது நடைபெறவில்லை, 2024-இலும் இல்லை. உடையவர் பலர் முதியர். எஞ்சின் சங்கத்தார் இளைஞர்க்கென்று ஒரு பயிற்சிக் கழகம் வைத்திருப்பது இதனை உணர்ந்தே. நான் கண்ட பெண்ணும் அதில் உறுப்பினள். இரும்புக்குப் பணம் திரட்டுவதினும் அவளைப் போன்ற பத்துப் பேரைத் திரட்டுவதே அரிது என்று அவள் பாட்டனார் சொன்னார்.

இதெல்லாம் ஆங்கிலேயர் கவலை. நமக்கு என்ன என்று கேட்கலாம். அத்திடலில் நான் கண்டவற்றுள் நம்மோடு தொடர்பில்லாதது சிறிதே. ரெட்டிச்சில் தோன்றிய ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் அங்கே பழம்பொருளாக நிற்கிறது. 1955 முதல் அது சென்னையில் உருவாகி வருகிறது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டி ஒன்றைக் கண்டு, நம்மூர் அம்பாசடர் இங்கு எவ்வாறு வந்தது என்று நான் திகைத்தேன். நம் நாட்டில் அது 2014 வரையில் செய்யப்பட்டது. சாலையழுத்தும் நீராவி உருளையின் தொடக்க முயற்சிகளிற் கல்கத்தா நகரசபைப் பொறியாளர் வில்லியம் கிளார்க்குக்குப் பங்குண்டு. கிராம்ப்டன் என்னும் படைத்தலைவர் 1871-இல் ‘இராவி’ எனப் பெயரிட்ட சாலை எஞ்சினை இப்ஸ்விச்சிலிருந்து எடின்பரோ வரையில் ஓட்டிச் சோதித்தது பஞ்சாபின் சாலைகளுக்காகவே.

கையின் அறிவு நம்மிடமும் முற்றும் அற்றுப்போகவில்லை. 1855-இல் லீட்ஸ் நகரத்திற் செய்த எஞ்சின் ஒன்று, ஓய்வுபெற்று ஒரு நூற்றாண்டளவு காட்சிப்பொருளாக நின்றபின், 2010-இல் பெரம்பூர்ப் பணிமனையில் உயிர்பெற்றது. எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரையில் சிறப்பு நாட்களில் ஓடியும் இருக்கிறது. நீலகிரி மலைப்பாதைக்கென்று திருச்சிராப்பள்ளிப் பொன்மலையார் 2021-இல் நிலக்கரியால் இயங்கும் புதிய எஞ்சினையே கட்டி முடித்தனர். முன்பு சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எஞ்சினை நம்மவர் தம் கையாற் செய்தனர் என்றால், கொதிகலத் தகட்டை வளைக்கவும் ஆணியறையவும் அறிந்தோர் அங்கு எஞ்சியிருந்தமையே காரணம். மலைப்பாதையில் எஞ்சின்கள் ஓயாது ஓடிக்கொண்டிருந்தமையால் அவர்கள் எஞ்சினர்.

இப்பொழுது முன்னர் ஒத்திவைத்த காரணத்தைச் சொல்கிறேன். நம் கிணற்றடி எஞ்சின் இன்னும் இருக்கிறது. கொட்டகையின் கூரை சரிந்துவிட்டது. வேம்பின் அடியில், சக்கரம் பாதி மண்ணிற் புதைய, அது கிடக்கிறது. புதிய வகுப்பறைகளுக்கு அவ்விடம் வேண்டுமென்றும், அதனை எடைக்கு விற்றுவிடலாமென்றும் பேச்சு எழுந்திருப்பதாக அறிகிறேன். வகுப்பறை வேண்டியதே, அதனைத் தடுக்க நான் எழுதவில்லை. எஞ்சினை வண்ணந் தீட்டி, வாயிலருகே மேடைகட்டி நிறுத்தலாமென்று அன்புள்ளம் கொண்ட சிலர் கூறுகின்றனர். அதனை விரும்பாமையாலேயே இவ்வளவும் எழுதினேன். அவ்வாறு நிறுத்தினால் இரண்டு ஆண்டில் மாணவர் அதன்மேற் புத்தகப்பையை வைப்பர். வேறு பயன் காணேன்.

நான் வேண்டுவது சிறிது. இயற்பியற்றுறையின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. அடித்தளமாகச் சிறிது காங்கிரீட். ஒரு தொட்டித் தண்ணீர். ஆண்டுக்கு இரண்டு மாணவர். எங்கள் ஊரில் இத்தகைய எஞ்சின்களைப் பழுது பார்த்த மெக்கானிக்குகள் இருவர் இன்னும் நல்ல உடலுடன் இருக்கின்றனர், கற்பிக்க இசைந்துமிருக்கின்றனர். ஒருவருக்கு எழுபத்திரண்டு, மற்றவருக்கு எழுபத்தாறு வயது. செலவில் என் பங்கை நான் தருவேன். என் வகுப்பிற் பயின்றோர் சிலரும் தருவர். கொட்டகை எழுப்பும் நாள் தள்ளலாம். அவ்விருவரின் வயதைத் தள்ளிவைக்க இயலாது.

விழாவில் அந்தத் தொட்டிக்காரரிடம் நம் எஞ்சினைப் பற்றிச் சொன்னேன். பல ஆண்டு நின்ற எஞ்சினை உடனே ஓட்ட முயலவேண்டாம். முதலில் உருளைக்குள் மெல்லிய எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறவிட்டு, சக்கரத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள் என்றார். சென்ற கூட்டத்திற்கு வந்தபொழுது, ஒருவர்க்கும் சொல்லாமல், விடுதிக் காவலர் துணையுடன் சக்கரத்தைச் சூழ்ந்த மண்ணை அகற்றி எண்ணெய் விட்டுச் சென்றேன். எட்டாம் நாள் மீண்டும் வந்தேன். காவலரும் நானும் சேர்ந்து சக்கரத்தைப் பிடித்து இழுத்தோம். முதலில் அசையவில்லை. மூன்றாம் முறை, உள்ளே ஏதோ பெருமூச்சு விடுவது போன்ற ஓசை கேட்டது. சக்கரம் கால்வட்டம் திரும்பி நின்றது.